ஒரு தூக்கு லத்தி

மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் சார், நான் தப்பாக நினைக்க மாட்டேன். வத்தலக்குண்டில் ஏறியதிலிருந்து இந்தப் பஸ்ஸில் எல்லோரும் என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். முன் சீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருகிறார். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதாம். மலை தொடங்குவதற்கு முன்பே பழத்தை எடுத்துவிட்டார். எனக்குத் தெரியாதா?

ஆமாம், நாற்றம் இந்தத் தூக்கிலிருந்துதான். உள்ளே இருப்பது குதிரை லத்தி. இன்று காலை ஒன்பது மணிக்குப் போட்டது.

கண்டக்டர் இதைப் பின்னால் டிக்கியில் வைக்கச் சொன்னார். "பெரியவரே, சாப்பாட்டுத் தூக்குன்னு நெனச்சு ஏத்திட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். டிக்கியில் வைத்தால் ஆறிப்போகும். இது ஆறக் கூடாது. அதனால்தான் மே மாத வெயிலில் கம்பளியைச் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். "சூடு போகக் கூடாது, மூணு மணி நேரத்துக்குள்ள வரணும்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இந்தக் கார்க்காரர்களைப் பார்த்தால் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேருவேன் போலிருக்கிறது. சீசன் வந்தால் மதுரையில் பாதிப் பேர் இந்த ரோட்டில்தான் நிற்பார்கள்.

எதற்கு என்கிறீர்களா? மருந்துக்கு.

சிரிக்காதீர்கள் சார். முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

என் பெயர் இன்னாசி. கொடைக்கானல் ஏரிக்கரையில் முப்பத்திரண்டு வருஷமாகக் குதிரை விடுகிறேன். இப்போது என்னிடம் மூன்று குதிரைகள். மூன்றில் ஒன்று பவளம். பெண் குதிரை, ஒன்பது வயது, செம்பழுப்பு நிறம். அவள் இன்றைக்கு ஆறாவது நாளாக வயிற்றுப்போக்கில் நிற்கிறாள். நிற்கிறாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நேற்று மூன்று தடவை படுத்துவிட்டாள். குதிரை படுத்தால் எழுப்பிவிட வேண்டும், தெரியுமா? எழுப்புவதற்கு நாலு ஆள் வேண்டும். என் மனைவி ரீத்தா பக்கத்திலேயே இருக்கிறாள். மரக்கிளையில் ட்ரிப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இந்த லத்தியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு அவள் வயிற்றுக்குள் ஊற்றப் போகிறார்கள். வேறு எந்த மருந்தும் வேலை செய்யாதாம். இது ஒன்றுதான் பாக்கியாம். டாக்டரம்மா சொன்னபோது, ரீத்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

பவளத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். ஏரியைச் சுற்றிப் போகும்போது சோளக்கதிர் விற்கிற கிழவரிடம் அவளாகவே நின்றுவிடுவாள். மேலே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, கலெக்டரானாலும் சரி. கதிர் உரித்த மட்டை ஒன்று வாய்க்கு வந்தால்தான் நகருவாள். ஆறு நாளாக அந்தக் கிழவர் மட்டையைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி. இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஸ்டாண்டில் இருபத்தேழு குதிரைகள். ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் பத்து நாள் எல்லாக் குதிரைக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சுவோம். கொள்ளு, தவிடு, வெல்லம். சீசன் கஞ்சி என்று பெயர். இன்னாருடைய குதிரை என்று பார்க்க மாட்டோம். எல்லாக் குதிரையும் ஒரே அண்டாவில் சாப்பிட்டால் அந்த சீசனில் ஸ்டாண்டுக்குள் சண்டை வராது என்று ஒரு நம்பிக்கை. வரத்தான் செய்யும். இருந்தாலும் ஒரு நம்பிக்கை.

அந்தக் கஞ்சியில் மாத்திரை போடும் பழக்கத்தை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் அதற்காகச் சொல்லவில்லை.

அதற்கு முந்தின சீசனில் மூன்று குதிரைக்கு வயிறு போய்விட்டது. கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் குதிரை படுத்தால் எப்படி இருக்கும்? ஒரு மருந்துக் கடையில் மஞ்சள் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். மனிதர்களுக்கு உள்ளதுதான். டாக்டர் சீட்டு கீட்டு எதுவும் கேட்கவில்லை. கொடுத்த இரண்டாம் நாளே கெட்டியாகப் போட்டது. கெட்டியானதும் நிறுத்திவிட்டேன். மீதி மாத்திரையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். வேறொரு குதிரைக்குச் சளி பிடித்தபோது அதைக் கொடுத்தேன். அதுவும் நின்றது. அப்புறம் யார் குதிரைக்கு என்ன வந்தாலும் என் டின்தான். ஒரு பைசா வாங்கியதில்லை சார். ஸ்டாண்டில் எனக்கு 'மாத்திரை இன்னாசி' என்று பெயர். இன்றைக்கும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வந்த பிறகு கொடுப்பதைவிட, வருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. புத்தியுள்ளவனுக்குத் தோன்றுவதுதானே? பொடித்து அண்டாவில் போட்டேன். முதல் வருஷம் இருபது மாத்திரை. ஒரு குதிரைக்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் நாலு குதிரைக்குப் போனது, நாற்பது போட்டேன். அதற்கடுத்த வருஷம் அறுபது. இந்த வருஷம் நூற்றிருபது போட்டேன். இப்போதெல்லாம் மருந்தில் தரமே இல்லை சார். முன்பு ஒன்று செய்த வேலையை இப்போது ஆறு செய்வதில்லை. கம்பெனிக்காரன் சுண்ணாம்பைக் கலந்து உருட்டிவிடுகிறான். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அண்ணா, மாத்திரை மாறலை" என்றார். என்ன அர்த்தமோ.

இந்த வருஷம் கஞ்சி காய்ச்சிய முதல் நாளே தகராறு. பஞ்சவர்ணம் தன் குதிரையைக் கொண்டுவரவில்லை.

பஞ்சவர்ணம் யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஸ்டாண்டு மாயாண்டியின் மனைவி. மாயாண்டி இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவனுடைய குதிரை துரையை அவளே பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பொம்பளை எப்படிக் குதிரை பிடிப்பாள் என்று நாலு பேர் முணுமுணுத்தபோது, "நிக்கட்டும்யா" என்று சொன்னவன் யார்? நான். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒரு வாளியில் கஞ்சியை மொண்டு எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"அண்ணே, துரைக்கு வேணாம்" என்றாள்.

"ஏன்? வெஷமா கலந்திருக்கேன்?"

"வெஷம்னு சொல்லலைண்ணே. அவனுக்கு ஒண்ணும் இல்லையே. நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை?"

"நல்லா இருக்கணும்னுதான் மாத்திரை."

"டாக்டரம்மா போன மாசமே வேணாம்னு சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னாங்களாமே?"

சொன்னார்தான். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் அதை இருபது பேருக்கு முன்னால் கேட்கலாமா? சிக்கந்தர் என்று ஒருவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "இன்னாசி, ஒன் டாக்டர் பட்டம் செல்லாதுன்னு பஞ்சவர்ணம் சொல்லுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாளியைத் திருப்பிக் கொண்டுபோய் அண்டாவிலேயே ஊற்றினேன். பத்து நாளும் துரை அந்தக் கஞ்சியில் வாய் வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆரம்பித்தது. முதலில் சிக்கந்தர் குதிரை. தண்ணீர் தண்ணீராக, ஒரு மாதிரி புளித்த நாற்றம். அடுத்த நாள் இரண்டு. அந்த வாரத்துக்குள் பதினோரு குதிரைகள். அடுத்த வாரம் லாயத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. டின்னைத் திறந்து எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். எனக்குத் தூக்கம் கிடையாது, ஒவ்வொரு லாயமாகப் போய் என் கையால் கொடுத்தேன். நிற்கவில்லை. இரட்டிப்பாகக் கொடுத்தேன். இன்னும் மோசமானது. இரண்டு குதிரைகள் செத்துப்போயின. சிக்கந்தருடைய குதிரை அதில் ஒன்று. பெரிய ஆள் சார் அவன், என் தோளில் சாய்ந்து அழுதான். நகராட்சியிலிருந்து வந்து சீசன் முடிகிறவரை ஒரு குதிரையும் ஏரிக்கரையில் நிற்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தும், ஒரே ஒரு லாயத்துக்குள் மட்டும் நோய் எட்டிப்பார்க்கவில்லை. எது?

துரையுடையது!

இப்போது சொல்லுங்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் திருட்டு. ஒரு வீடு மட்டும் தப்பித்தது. போலீஸ் எந்தக் கதவைத் தட்டும்? நான் அதைத்தான் ஸ்டாண்டுக் கூட்டத்தில் கேட்டேன். துரை பங்குனி மாதத்தில் கீழே கல்யாண ஊர்வலத்துக்குப் போய்வந்த குதிரை. அங்கிருந்து கொண்டுவந்துவிட்டது. தான் சுமந்துகொண்டு மற்றதற்குக் கொடுத்துவிட்டது. கணக்கு நேராக வருகிறதா இல்லையா?

பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். "அண்ணே, நானும் இதே தொட்டியிலதான் தண்ணி காட்டினேன். இதே புல்லுதான் போட்டேன். அந்தக் கஞ்சி ஒண்ணுதாண்ணே நான் குடுக்கலை. அதுதான் வித்தியாசம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "எல்லாக் குதிரையும் மருந்து சாப்பிட்ட குதிரை. இது ஒண்ணுதான் மருந்து படாத குதிரை. கிருமி எதுல குடியிருக்கும்?"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். கோபமாகப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு டெம்போவைப் பிடித்து, துரையை ஏற்றி, வத்தலக்குண்டுப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஏற்றுவதற்குக் கை கொடுக்கப் போனேன். "நான் ஏத்திக்கிறேன், நீங்க போங்கண்ணே" என்றாள்.

அவள் போன பிறகும் நோய் நிற்கவில்லை. மண்ணில் விட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் போன ஒன்பதாம் நாள் பவளத்துக்கு வந்தது.

இதற்கிடையில் டாக்டரம்மா ஒரு வேலை செய்திருந்தார். பெயர் சுபாஷினி, கால்நடை டாக்டர். முப்பது வயது இருக்கும். என் அனுபவம் அவர் வயதைவிட அதிகம். பஞ்சவர்ணம் போவதற்கு முன்னாலேயே எல்லாக் குதிரையின் லத்தியையும் சின்னச் சின்ன டப்பாவில் எடுத்துக் கீழே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். பவளத்துக்கு வந்த மறுநாள், ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். நான் அப்போது பவளத்துக்கு ஆறாவது மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்றால் சும்மா இல்லை, நல்ல பலமான பிடி.

"போதும்ணா. இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க."

"குடுக்காட்டிச் செத்துரும் மேடம்."

"குடுத்ததாலதான் இந்த நிலைமை." அப்புறம் ஒரு கல்லில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "குதிரை வயித்துக்குள்ள கோடிக்கணக்கான நல்ல கிருமி இருக்கு. புல்லைச் செரிக்க வைக்கிறதே அதுங்கதான். கெட்ட கிருமியும் கொஞ்சம் ஒரு ஓரமா இருக்கும். நல்லதுங்க எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறதால கெட்டதுக்கு வளர எடமில்லை. நீங்க மருந்து போட்டீங்க. நல்லது செத்துது. கெட்டதுல பலமில்லாதது செத்துது, பலமுள்ளது தப்பிச்சுது. தப்பிச்சது பெருகிச்சு. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் போட்டீங்க. ஆறு வருஷமா, எந்த மருந்துக்கும் சாகாத கிருமியா பாத்துப் பாத்து நீங்களே வளர்த்திருக்கீங்க."

பாருங்கள் சார், எப்படிப் பேச்சு! நானா வளர்த்தேன்? நான் வளர்த்தது குதிரை.

"நான் பாதுகாப்புக்குத்தான் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும்ணா. யாருக்கும் கெடுதல் நினைச்சு நீங்க செய்யலை" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காகிதத்தைக் காட்டினார். பதினெட்டு மருந்தின் பெயர். ஒவ்வொன்றையும் அந்தக் கிருமி மேல் ஊற்றிப் பார்த்தார்களாம். பதினாறுக்கு அது அசையவே இல்லையாம். மீதி இரண்டும் குதிரை தாங்காத மருந்தாம். "உங்க மஞ்சள் மாத்திரைதான் முதல் வரி" என்று விரல் வைத்துக் காட்டினார்.

கடைசிக் காகிதம் துரையுடையது. அதில் அந்தக் கிருமியே இல்லை என்று எழுதியிருந்ததாம். "பரிசோதனையிலும் தப்பு வரும் மேடம்" என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, ட்ரிப் ஏற்ற ஆரம்பித்தார். இந்தக் கிருமி மனிதனுக்கும் வருமாம். பயப்படாதீர்கள், நான் நன்றாகக் கழுவியிருக்கிறேன்.

நாலு நாள் ட்ரிப். நேற்று சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "தண்ணி ஏத்தி ஏத்தி இழுத்துப் பிடிக்கிறேன். ஆனா வயித்துல நல்ல கிருமி எதுவும் மிச்சமில்லை. வேற குதிரைகிட்ட இருந்துதான் கொண்டுவந்து விடணும். அதோட லத்தியிலயே இருக்கு. மலையில எல்லாக் குதிரையையும் விசாரிச்சுட்டேன். பள்ளிக்கூடத்துல வளர்க்கிற குதிரைக்கும் போன மாசம் ஊசி போட்டிருக்காங்க. மருந்தே படாத வயிறு ஒண்ணு வேணும்."

ரீத்தா கேட்டாள்: "அப்படி ஒரு குதிரைகூடவா இல்லை?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார்.

துரையின் பெயரை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்று ரீத்தா கேட்டாள். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எங்கே குத்தினால் நான் எழுந்திருப்பேன் என்று தெரியும்.

இன்று முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். ஏழே முக்காலுக்குப் பஞ்சவர்ணத்தின் தம்பி வீட்டு வாசலில் நின்றேன். பஞ்சவர்ணம் துரைக்கு நெற்றிப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரில் மாப்பிள்ளை அழைப்பாம். குதிரையைப் பார்க்க வேண்டுமே சார்! முதுகு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எனக்கு வயிறு எரிந்தது.

"வாங்கண்ணே" என்றாள். "டீ குடிக்கிறீங்களா?"

வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். அவள் டீ குடிக்கிறீங்களா என்று கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. "துரையோட லத்தி கொஞ்சம் வேணும். டாக்டரம்மா கேட்டாங்க. டெஸ்டுக்கு" என்றேன்.

பொய்தான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. டெஸ்ட் செய்தார்களா இல்லையா? முன்னால் செய்தார்கள், அவ்வளவுதான்.

அவள் முகம் எப்படி ஆனது தெரியுமா? வாடிவிடும் என்று நினைத்தேன். வாடவில்லை, மலர்ந்துவிட்டது. "எடுத்துட்டுப் போங்கண்ணே! நல்லாப் பாக்கச் சொல்லுங்க. துரைகிட்ட ஒண்ணும் இல்லைன்னு வந்தா ஒரு பேப்பர்ல எழுதி வாங்கித் தாங்க. அதை ஸ்டாண்டுல காமிச்சுட்டு நான் திரும்பி வந்துடறேன். தம்பி பொண்டாட்டி முகம் சரியில்லைண்ணே, எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?"

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் துரைக்காகக் காத்திருந்தோம். குதிரையை இதில் அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரம் ஆனது. அவனுக்கு என் மேல் கோபம் போல. இரண்டு தடவை வாலைத் தூக்கி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இறக்கிவிட்டான். பஞ்சவர்ணம் சிரித்துவிட்டாள். "அண்ணனை அலைய விடாதடா" என்று அவன் கழுத்தில் தட்டினாள். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் வாளிக்கு மூடியில்லை. இந்தத் தூக்கை அவள்தான் வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள். அவள் வீட்டுச் சோற்றுத் தூக்கு சார். சூடு போகக் கூடாது என்றதும் இந்தக் கம்பளியையும் எடுத்துவந்தாள். மாயாண்டியின் கம்பளி.

ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே கணக்கு நேராகியிருக்கும், நானும் நிம்மதியாக வந்திருப்பேன்.

வண்டி ஏன் நின்றுவிட்டது? யானையா? இல்லை, எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் ஒரு கார்க்காரர் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறுகிறார். மலையில் ஓட்டத் தெரியாதவர்கள் எதற்கு மலைக்கு வருகிறார்கள்? மணி பத்தே முக்கால். பரவாயில்லை.

அவள் குணம் வேறு, குதிரை வேறு. அதில் நான் தெளிவாக இருக்கிறேன். அடுத்தவர் குதிரையின் லத்தி. அதில் என்ன இருக்கிறதோ? டாக்டரம்மா காகிதத்தை நம்புகிறார். நான் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவேன். பவளம் இருக்கிற நிலைமையில் புதிதாக ஒரு கிருமி வேறு உள்ளே போனால் தாங்குவாளா? அதனால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், டீக்கடைப் பெஞ்சில் வைத்து, இரண்டு மஞ்சள் மாத்திரையைக் கிளாஸ் அடியால் பொடித்து, தூக்கைத் திறந்து தூவி, ஒரு குச்சியால் கலக்கிவிட்டேன். இரண்டே இரண்டு. பாதுகாப்புக்கு.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, என்ன பார்வை அது? இரண்டு மாத்திரை சார். அறுபது இல்லை, நூற்றிருபது இல்லை. ஒரு தூக்கு லத்திக்கு இரண்டு மாத்திரை என்ன செய்துவிடும்? நல்ல கிருமி சாகும் என்கிறீர்களா? அதெல்லாம் டாக்டரம்மா சொல்வது. நீங்கள் குதிரை வைத்திருக்கிறீர்களா? இல்லையே. பின்னே?

இருங்கள், போன் அடிக்கிறது. அவர்தான்.

"ஹலோ, மேடம்... வந்துட்டிருக்கேன் மேடம்... ஊத்து ஸ்டாப்பிங் வரப்போகுது... ஆமா, கிடைச்சுது. நல்லாக் கெட்டியா, உருண்டை உருண்டையா... கம்பளியில சுத்தியிருக்கேன்... எப்படி இருக்கா?... ம்... ம்... எழுப்பினீங்களா?... சரி... என்னது?... இல்லை மேடம். ஒண்ணும் கலக்கலை... ஆமா, அப்படியே கொண்டுவர்றேன்... சரி மேடம்... ம்..."

"..."

"மேடம். ஒரு நிமிஷம். வைக்காதீங்க. ரெண்டு மாத்திரை போட்டேன்... அதேதான். மஞ்சள்... வத்தலக்குண்டுல... ம்... ம்... எவ்வளவு நேரம் தாங்குவா?... அஞ்சு மணி. சரி... வெந்நீர்ல, சோப்புப் போட்டு. சரி... சரி மேடம்."

வைத்துவிட்டார்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை சார். ஒன்றும் கலக்கவில்லை என்று சொல்லி முடித்துவிட்டேன், நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். அதற்கு அவர், "ரொம்ப நன்றிண்ணா. இது ஒண்ணை நம்பித்தான் இருக்கேன்" என்றார். என்னிடம் போய் நன்றி சொல்கிறார். ஆறு நாளாகத் தூங்காத குரல். பின்னாலே ரீத்தா பவளத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. "எந்திரிடி, எந்திரிடி" என்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இதை ஊற்றினால் பிரயோஜனமில்லையாம். தூரக் கொட்டிவிடச் சொல்லிவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். அவரும் திட்டவில்லை. "இன்னொரு தடவை கொண்டுவர முடியுமாண்ணா?" என்று மட்டும் கேட்டார். ட்ரிப்பை வைத்து அஞ்சு மணி வரைக்கும் பிடித்துப் பார்க்கிறாராம். அதற்கு மேல் அவர் கையில் இல்லையாம்.

கண்டக்டர்! ஊத்துல நிறுத்துங்க, எறங்கணும். ஆமாய்யா, தூக்கோடதான் எறங்குறேன், சந்தோஷமா?

கீழே போகிற பஸ் எதிரில் நிற்கிறது, நல்லவேளை. டீக்கடையில் வெந்நீர் வாங்கித் தூக்கைக் கழுவிக்கொண்டு ஏறினால் பன்னிரண்டரைக்குப் போய்விடலாம். துரை மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும். டாக்டரம்மா சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

டெஸ்டுக்கு என்று இன்னொரு தடவை சொல்ல முடியாது. முதலில் எடுத்தது கொட்டிப்போய்விட்டது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாள். இன்னொரு தூக்கு கொடுப்பாள். பேப்பர் எப்போ வரும் அண்ணே என்று கேட்பாள். அந்தப் பேப்பர் நாலு நாளாக டாக்டரம்மா பையில் இருக்கிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

சார், கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கம்பளி தட்டப்போகிறது.

உங்களை ஒன்று கேட்கலாமா? இவ்வளவு தூரம் நான் ஒருவனே பேசிக்கொண்டு வந்தேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. இப்போது நான் அங்கே போய் நிற்பேன். அவள் "வாங்கண்ணே" என்பாள். டீ குடிக்கிறீங்களா என்பாள். அதற்கப்புறம் நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்? முழுசாக வேண்டாம். முதல் வார்த்தை மட்டும் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்லுங்கள் சார், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.